ராத்திரி 11 மணிக்கு நீக்கிய உறுப்பினர்

கேள்வி: கருங்கல் பக்கத்தில் ஒரு படிப்பகம், கலை விளையாட்டு மன்றம் இரண்டும் சேர்ந்த சங்கத்துக்கு நான் செயலாளர். பதிவு செய்த சங்கம், 140 உறுப்பினர்கள். வாட்ஸ்அப் குழுவில் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்து 310 பேர். ஓணவிழா முடிந்ததிலிருந்து ஒரு உறுப்பினர் குழுவில் கணக்கு எங்கே, கணக்கு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொதுக்குழுவில் வைப்போம் என்று சொல்லியும் விடவில்லை. ஒரு ராத்திரி பொருளாளரைக் கெட்ட வார்த்தையில் திட்டி, அவர் மனைவியையும் இழுத்து, இரண்டு வாய்ஸ் மெசேஜ் போட்டார். 11 மணிக்கு நான் அவரைக் குழுவிலிருந்து தூக்கினேன். மறுநாள் கமிட்டியில் 11 பேரில் வந்திருந்த 5 பேர் சேர்ந்து அவரைச் சங்கத்திலிருந்தே நிரந்தரமாக நீக்கித் தீர்மானம் எழுதி, பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். கிறிஸ்துமஸ் விழாவுக்கு அழைப்பதில்லை, அவர் வீட்டு விசேஷத்துக்கு மன்றத்துப் பந்தலும் நாற்காலியும் கொடுப்பதில்லை என்றும் முடிவெடுத்தோம். இப்போது 15 நாளுக்குள் திரும்பச் சேர்க்கவில்லை என்றால் வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. "ஃபேஸ்புக்கே யாரையும் கேட்காமல்தான் தூக்குகிறது, நாம் ஏன் பயப்பட வேண்டும்" என்கிறார் தலைவர். அப்புறம் ஒன்று, நான் அட்மின் என்பதால் நாளைக்கு யாராவது எதையாவது போட்டால் என்மேல் கேஸ் வருமா?

பதில்:

அன்புள்ள செயலாளருக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி 11 மணிக்கு நீங்கள் செய்தது சரி. மறுநாள் காலையில் செய்தது தவறு. வழக்கு வந்தால் உங்களுக்குச் சிக்கல் மறுநாள் காரியத்தில்தான், அதிலும் அந்தப் பந்தல், நாற்காலித் தீர்மானத்தில்தான் அதிகம்.

ராத்திரி செய்தது ஏன் சரி என்றால், 310 பேர் பார்க்கிற இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது முதல் வேலை அதை நிறுத்துவது. அதற்குக் கமிட்டி கூடும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் நிறுத்துவது வேறு, தண்டிப்பது வேறு. விக்கிப்பீடியாவில் நிர்வாகிகள் ஒருவரைத் தடை செய்வதற்கு வைத்திருக்கிற விதியே இதுதான்: தடை என்பது மேற்கொண்டு சேதம் நடக்காமல் தடுக்கத்தான், தண்டிக்க அல்ல. அங்கே இன்னொரு விதியும் உண்டு, யாரோடு ஒருவருக்குத் தகராறு இருக்கிறதோ அவரைத் தடை செய்யும் வேலையை அந்த நிர்வாகி தன் கையில் எடுக்கக் கூடாது, தகராறில் இல்லாத இன்னொரு நிர்வாகி பார்க்கட்டும் என்று ஒதுங்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

மறுநாள் கூடிய அந்த 5 பேரில் பொருளாளர் இருந்தாரா? நீங்கள் எழுதவில்லை. இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி அவசரக் கமிட்டிக்கு முதல் ஆளாக வருவது காயப்பட்டவர்தான், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் திட்டு வாங்கியவரே உட்கார்ந்து திட்டியவருக்குத் தண்டனை எழுதினால் அந்தத் தீர்மானம் நிற்காது. 1969-ல் உச்ச நீதிமன்றத்தில் கிரைபாக் வழக்கு என்று ஒன்று. ஜம்மு காஷ்மீரில் வனத்துறைப் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் தானும் அந்தப் பதவிக்கு ஒரு விண்ணப்பதாரர். தன் பெயர் வந்தபோது மட்டும் எழுந்து போய்விட்டார், போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது இருந்தார். அந்தத் தேர்வையே நீதிமன்றம் ரத்து செய்தது. அது அரசாங்க விஷயம், ஊர் மன்றத்தில் அந்த அளவுக்குக் கறாராகப் பார்க்க மாட்டார்கள், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். ஆனாலும் பொருளாளர் கையெழுத்து அந்தத் தீர்மானத்தில் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் விரல் வைப்பது அங்கேதான்.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. 11 பேர் கமிட்டியில் 5 பேர் போதுமா? உங்கள் பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை, எடுத்துப் பாருங்கள். ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்த பிரதியை எடுத்துப் பாருங்கள். நம் மாவட்டத்தில் பல மன்றங்களுக்கு அந்தப் பிரதி யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது. கிடைக்கவில்லை என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: கோரம் எத்தனை, உறுப்பினரை நீக்கும் அதிகாரம் கமிட்டிக்கா பொதுக்குழுவுக்கா, நீக்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான சங்கத்துக்கு அந்தப் பைலாதான் கை, கால் எல்லாம். குழுவின் முகப்பில் 'மரியாதையாகப் பேசவும், மீறினால் நீக்கப்படும்' என்று ஒரு வரி போட்டிருப்பீர்கள். அது குழுவிலிருந்து எடுப்பதற்குப் போதும். சந்தா கட்டி, பதிவேட்டில் பெயர் இருக்கிற ஒருவரைச் சங்கத்திலிருந்து எடுப்பதற்கு அது போதாது.

இப்படி ஒரு நீக்கம் நீதிமன்றத்துக்குப் போனால் என்ன பார்ப்பார்கள் என்பதற்கு இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு டாவர் வழக்கு, 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கர்நாடகத்தின் பெல்காமில் இருந்த ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜ், அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கிளை, தன் உறுப்பினர் ஒருவரை நீக்கியது, அவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: ஒரு சங்கத்தில் சேர்கிறவர் அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் சேர்கிறார், அவர் செய்தது சரியா தப்பா என்று நீதிமன்றம் அப்பீல் மாதிரி உட்கார்ந்து பார்க்காது. விதிப்படி நடந்தார்களா, நல்ல எண்ணத்தோடு நடந்தார்களா, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா என்பதை மட்டும் பார்க்கும். அந்த வழக்கில் லாட்ஜ்தான் ஜெயித்தது. குற்றச்சாட்டு இன்னது என்று முன்கூட்டியே தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்பும் கொடுத்திருந்தார்கள். அதனால் உங்களுக்குச் சட்டம் எதிரி இல்லை. ஒழுங்காகச் செய்த நீக்கத்தில் நீதிமன்றம் லேசில் தலையிடாது. நீங்கள் செய்ததில் நோட்டீஸ் இல்லை, விளக்கம் கேட்கவில்லை, ராத்திரி நடந்ததற்குக் காலையில் தீர்ப்பு. அதுதான் கோளாறு.

தலைவர் சொன்ன ஃபேஸ்புக் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் சொல்கிறார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபராக இருந்த டிரம்ப்பின் கணக்கை ஃபேஸ்புக் முடக்கியது. அந்த நிறுவனமே ஏற்படுத்திய மேற்பார்வைக் குழு அந்த ஆண்டு மே மாதம் அதை விசாரித்து முடிவு சொன்னது. முடக்கியது சரி, ஆனால் எத்தனை நாள் என்று சொல்லாமல் காலவரையற்று முடக்கியது தவறு, அப்படி ஒரு தண்டனை உங்கள் விதியிலேயே இல்லை, ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்த்து ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார்கள். ஜூன் மாதம் ஃபேஸ்புக் அதை 2 வருடம் என்று வரையறுத்தது. அந்த நிறுவனத்துக்கே 'எத்தனை நாள்' என்று சொல்ல வேண்டியிருந்தது, நீங்கள் எடுத்த எடுப்பிலேயே 'நிரந்தரம்' என்று எழுதிவிட்டீர்கள். இந்தியாவிலும் 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள தளங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கினால் அதைப் போட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், மறுத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு மேல் முறையிட மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவும் இருக்கிறது. நடைமுறையில் அந்தத் தளங்கள் எத்தனையோ பேரைக் காரணம் சொல்லாமல் எடுக்கின்றன, அது உண்மை. அதில் அடிபட்டவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள், கடை வியாபாரமே அந்தக் கணக்கில் ஓடியவர்கள். அதைப் பார்த்து நாமும் அப்படிச் செய்யலாம் என்று உங்கள் தலைவர் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஃபேஸ்புக் எடுத்தால் அவன் இன்னொரு இடத்துக்குப் போவான். உங்கள் ஊரில் இன்னொரு படிப்பகம் இருக்கிறதா?

சரி, பந்தல் நாற்காலிக்கு வருவோம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு பதறியது. அவர் பேசியது தப்பு, அதற்கு அவர் பதில் சொல்லட்டும். நாளைக்கு அவர் வீட்டில் ஒரு சாவு நடந்தால், முற்றத்தில் போட நாற்காலி இல்லை என்று அவர் அம்மாவும் பிள்ளைகளும் நிற்க வேண்டுமா? கணக்குக் கேட்டது அவர்களா, திட்டியது அவர்களா? இது மன்றத்து ஒழுங்கு நடவடிக்கை இல்லை, இதற்கு நம் பக்கத்தில் பழைய பெயர் ஒன்று உண்டு, ஊர்விலக்கு. தமிழ்நாட்டில் ஊர்விலக்கு வழக்குகளில் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிராவில் 2016-ல் சமூகப் புறக்கணிப்பைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். விலக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து விலக்கியவர்கள் அப்படி இல்லாதவர்களாக இருந்தால், சமூகப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழேயே குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது தெளிவாகச் சேர்க்கப்பட்டது. அவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். யாராக இருந்தாலும் அந்தத் தீர்மானத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

நான் வக்கீலாகி நாலைந்து வருடம் ஆன சமயம், கடற்கரைப் பக்கம் ஒரு மன்றத்துக்காக ஆஜரானேன். இதே மாதிரிதான், ஒரு வாய்த்தகராறு, மறுநாள் நீக்கம், அப்புறம் விழாவுக்கு வராதே என்று தடை. அந்த மனிதர் வழக்குப் போட்டார். நான் இளரத்தத்தில் மன்றத்தை விட்டுக்கொடுக்காமல் ஆறு வருடம் நடத்தினேன். ஏழாவது வருடம் சமரசத்துக்கு வந்தபோது அந்த மன்றம் பூட்டிக் கிடந்தது, பிள்ளைகள் வாலிபால் விளையாடிய இடத்தில் முள்ளு முளைத்திருந்தது. முதல் வாரமே "தீர்மானத்தை வாபஸ் வாங்கிட்டு ஒழுங்கா ஒரு நோட்டீஸ் கொடுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்லாததைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டியைக் கூட்டுங்கள், கோரத்தோடு, முன்கூட்டியே எல்லாருக்கும் தகவல் கொடுத்து. பொருளாளர் அந்த விஷயம் வரும்போது வெளியே இருக்கட்டும். நீங்களும் அந்த உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்கியவர் என்பதால் விசாரிக்கிற இடத்தில் உட்கார வேண்டாம், மினிட்ஸ் எழுதுங்கள், ஓட்டுப் போடாதீர்கள். பழைய தீர்மானங்கள் இரண்டையும் ரத்து செய்து புதிய தீர்மானம் எழுதுங்கள். போர்டில் ஒட்டியதைக் கிழித்து எடுங்கள், ஏனென்றால் பெயரோடு அப்படி ஒட்டி வைத்திருப்பது அவதூறு என்று இன்னொரு வழக்குக்கு வழி. முறைப்படி சங்கத்தில் அவர் உறுப்பினராகத் தொடர்கிறார், விசாரணை நிலுவையில் இருக்கிறது, இதுதான் இனி நிலை.

உடனே குழுவில் சேர்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஆளை மட்டும் பேச விடாமல் வைத்திருக்க வழி இல்லாததுதான் பிரச்சினை, இருந்தால் உள்ளே வா என்பதற்கும் வெளியே போ என்பதற்கும் நடுவில் இன்னும் எத்தனையோ படிகள் இருக்கும். அதனால் என் யோசனை, இரண்டு குழுவாக்குங்கள். ஒன்று அட்மின்கள் மட்டும் போடுகிற அறிவிப்புக் குழு, மரணச் செய்தி, ரத்தம் தேவை, மின்வெட்டு, மழை எச்சரிக்கை, பொதுக்குழு அறிவிப்பு எல்லாம் அதில். அதிலிருந்து எந்த உறுப்பினரையும் எக்காரணத்துக்கும் எடுக்காதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவல் கிடைக்காதா என்று நம் கரையோர வீடுகள் எப்படித் தவித்தன என்று உங்களுக்குத் தெரியும், 2023 டிசம்பர் மழையிலும் பார்த்தோம். அந்த மாதிரி நேரத்தில் ஒரு வீட்டுக்குத் தகவல் போகாமல் இருப்பது வாய்த்தகராறுக்குத் தண்டனையாக இருக்கவே கூடாது. இன்னொன்று பேச்சுக் குழு, வாக்குவாதமும் மீம்ஸும் குட்மார்னிங்கும் அதில். விசாரணை முடியும்வரை அவர் இதற்கு வெளியே இருக்கலாம், அதில் தப்பில்லை. முதலாவதில் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

அவருக்குக் கொடுக்கிற நோட்டீஸில் வெறுமனே 'ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள்' என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன பேசினார், பைலாவில் எந்த விதிக்கு எதிரானது, என்ன நடவடிக்கை எடுக்க உத்தேசம் எல்லாம் வர வேண்டும். பைலாவில் எத்தனை நாள் என்று இருந்தால் அத்தனை நாள், இல்லை என்றால் 15 நாள் கொடுங்கள். ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், பையனிடம் கொடுத்துவிட்டு "கொடுத்தாச்சு" என்று எழுதி வைக்காதீர்கள். அந்த வாய்ஸ் மெசேஜ் இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறவர் யார் என்று பாருங்கள். அந்த போனை மாற்றாமல், பார்மட் பண்ணாமல் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதை அப்புறம் வக்கீல் பார்த்துக்கொள்வார், மூலம் கையில் இருந்தால் போதும்.

அவர் வந்து பேசினால் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேளுங்கள். வருத்தம் தெரிவித்தால் அதை வாங்கிக்கொள்கிற மனது வேண்டும். தண்டனை என்று வந்தால் எழுத்து எச்சரிக்கை, பேச்சுக் குழுவிலிருந்து மூன்று மாதம் விலக்கு, ஒரு வருட இடைநீக்கம், கடைசியில்தான் நீக்கம். முதல் தடவை என்றால் நான் மூன்று மாதத்தோடு நிறுத்துவேன். எந்த முடிவானாலும் பொதுக்குழுவில் முறையிடலாம் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். பொருளாளரின் மனைவி போலீஸுக்குப் போக நினைத்தால் அது அவருடைய உரிமை, மன்றம் போ என்றும் சொல்லக் கூடாது, போகாதே என்றும் சொல்லக் கூடாது. அவரிடம் யாராவது போய் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி 'இழுத்து' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை.

அப்புறம் கணக்கு. கேட்ட விதம் மோசம், ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. ஓணம் முடிந்து இத்தனை நாளாகியும் ஒரு வெள்ளைத்தாளில் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று போட முடியாதா? பதிவுச் சங்கத்தின் கணக்கு எப்படியும் பொதுக்குழுவுக்குப் போக வேண்டும், வருடாவருடம் பதிவாளர் அலுவலகத்திலும் தாக்கலாக வேண்டும். அவர் கேட்டார் என்பதற்காகத்தான் நீக்கினார்கள் என்று வழக்கில் சொன்னால், 'நல்ல எண்ணத்தோடு நடந்தார்களா' என்ற டாவர் கேள்வியில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். வடம் இழுப்புப் பரிசு, மைக்செட், பந்தல், பாயசம் எல்லாவற்றுக்கும் பில்லோடு கணக்கைப் போட்டுப் போர்டில் ஒட்டுங்கள், அவர் பெயரை ஒட்டிய அதே இடத்தில்.

அட்மின் பயத்துக்குச் சுருக்கமாகவே பதில் போதும். மற்றவர் போட்டதற்கு அட்மின் என்ற காரணத்துக்காக மட்டும் உங்கள்மேல் குற்றம் சுமத்த முடியாது. 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அப்படிச் சொன்னது, அதே வருடம் டிசம்பரில் கரூர் வக்கீல்களின் வாட்ஸ்அப் குழு அட்மின் போட்ட மனுவில் நம் மதுரைக் கிளை அதைப் பின்பற்றியது, 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. போட்டவரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு. கெட்டது வந்தால் பார்த்ததும் எல்லாருக்கும் சேர்த்து அழித்துவிடுங்கள், அழிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேரை அட்மினாக்குங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் கொடுக்காமல் இருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் ஆனதும் திங்கட்கிழமையே உங்கள் வக்கீல் வழியாகப் பதில் போகட்டும்: பழைய தீர்மானங்கள் ரத்து, அவர் உறுப்பினராகத் தொடர்கிறார், தனியாக விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்படுகிறது. இந்த மூன்று வரியைப் பார்த்தாலே எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இரணியலிலோ குழித்துறையிலோ வழக்குத் தாக்கல் செய்ய ஒன்றும் மிஞ்சாது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், முடிந்தால், கமிட்டியில் அவருக்கு நெருக்கமான யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், இப்படிச் செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டு வரட்டும்.